பேப்பரில் ஜெயித்த போன்

'ஜூன் 14, வெள்ளி' என்று தேதி போட்ட ஒரு தாள் என்னிடம் இருக்கிறது. பச்சைத் தேயிலைக்கு ரசீது எழுதும் புத்தகத்திலிருந்து கிழித்தது. பின்பக்கத்து வெற்றிடத்தில் எழுதியிருக்கிறது. நடுவில் அடிக்கோல் வைத்து நேராக ஒரு கோடு. கோட்டுக்கு இடது பக்கம் ஒரு போன், வலது பக்கம் ஒரு போன். பாட்டரி, ராம், கேமரா, திரை, ஸ்பீக்கர் என்று பதினொரு வரிகள். ஜெயித்த பக்கத்துக்கு டிக், தோற்ற பக்கத்துக்குப் பெருக்கல் குறி. ஒன்பதாவது வரி 'பிராக்சிமிட்டி சென்சார்'. அதற்கு மட்டும் இரண்டு பக்கமும் டிக். அடியில் சிவப்பு மையில் 'வலது வெற்றி, 7–3'. மேல் மூலையில் 'யாருக்கு: ரோலர்'.

எழுதியவரின் பெயரை நான் இங்கே சொல்லப்போவதில்லை. மஞ்சூரில் அவரைக் 'கம்பேர்க்காரர்' என்பார்கள். இரண்டு பொருளை அருகருகே நிறுத்தி கம்பேர் செய்யாமல் அவர் ஒரு தீப்பெட்டி கூட வாங்கியதில்லை என்று பேச்சு. தீப்பெட்டி விஷயம் மிகை. குடை விஷயம் உண்மை. இரண்டு குடைகளின் கம்பி எண்ணிக்கையை எழுதிவைத்து, ஜெயித்த குடையை தபாலில் வரவழைத்து, முதல் தென்மேற்குக் காற்றில் அதை உள்வெளியாகத் திருப்பிக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் நின்றவரை நானே பார்த்தேன். "காத்து ஜாஸ்திங்க சார். குடை மேல தப்பில்ல" என்றார்.

போன் விஷயத்தில்தான் அவர் ஊருக்கே அதிகாரியாகிப் போனார். கொரோனா அடைப்பில் வீட்டில் உட்கார்ந்து விமர்சன வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளியதில் வந்த வினை. அதற்குப் பிறகு மஞ்சூரிலும் சுற்றியுள்ள எஸ்டேட் லயங்களின் வரிசை வீடுகளிலும் யாருக்குப் புது போன் வேண்டுமென்றாலும் அவரிடம்தான் போவார்கள். அவர் இரண்டு மூன்று நாள் கேட்பார். தாள் தயாராகும். இணையத்தில் ஆர்டர் போடுவார். கூரியர் வண்டி மலையேறி வந்ததும் பெட்டியை உடையவரிடம் அப்படியே கொடுப்பார். சீலைக் கூடப் பிரிக்க மாட்டார். அது அவருக்கு ஒரு பெருமை. ஊட்டியிலோ குன்னூரிலோ கடைக்குப் போய் கையில் வாங்கிப் பார்க்கிறவர்களை விவரம் தெரியாத கூட்டம் என்பார். அதற்கு ஒரு விளக்கமும் வைத்திருந்தார்.

"கையில புடிச்சுப் பாத்தா ஆசை வந்துருமுங்க. ஆசை வந்தா பேப்பர்ல என்ன இருக்குதுன்னு கண்ணுக்குத் தெரியாது."

இதை நான்கு வெவ்வேறு நாட்களில், சொல் மாறாமல் என்னிடம் சொல்லியிருக்கிறார்.

கமிஷன் ஒரு பைசா வாங்கியதில்லை என்பதையும் எழுதவேண்டும். வாங்கியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். பணத்துக்காகச் செய்தார் என்று ஒரு வரியில் முடித்திருப்பேன். அவர் செய்ததோ இலவசம். கேட்டவருக்கு என்ன வேண்டும் என்று ஒரு கேள்வி கேட்காமல், எல்லோருக்கும் தன் தாளில் ஜெயித்ததையே கொடுத்தார். அங்கன்வாடி டீச்சர் ஒருவருக்கு, கேமராவில் ஜெயித்தது என்று, அவருடைய உள்ளங்கையை விட ஒன்றரை மடங்கு அகலமான போனை வரவழைத்துக் கொடுத்தார். அந்த அம்மாள் சின்னக் கைக்காரி. குந்தா போகிற பஸ்ஸில் ஒரு கையில் கம்பியும் ஒரு கையில் போனுமாக நின்றவர், இரண்டாவது கொண்டை ஊசி வளைவில் போனைக் கீழே விட்டார். அவருக்கு அழுகை வந்துவிட்டது. கம்பேர்க்காரர், அதற்கு உறை வாங்கவில்லையா என்று கேட்டாராம். உறை போட்டால் இன்னும் அகலம் கூடும் என்று அந்த அம்மாள் பதில் சொன்னதாகக் கேள்வி.

தங்கை மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோதும் தாளில் கோடு போட்டார். இரண்டு ஜாதகம், இரண்டு சம்பளம், இரண்டு சொந்த வீடு. ஜெயித்தவரை நேரில் பார்க்கப் போகவே இல்லை. அந்தத் தம்பதி தேவர்சோலையில் இன்றைக்கும் நன்றாகத்தான் இருக்கிறார்கள். எனக்கு எரிச்சலூட்டும் தகவல். ஆனாலும் தகவல்.

இனி எழுதப்போவதுதான் அவரை என்னால் மன்னிக்க முடியாமல் செய்வது. அவருடைய பிழைப்பு என்ன தெரியுமா? கைதான். ஒரு தனியார் தேயிலை ஃபேக்டரியின் இலை ஷெட்டில் அவர் கிளார்க். சிறு விவசாயிகள் மத்தியானம் மூன்று மணிக்கு மேல் பச்சை இலையை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து இறக்குவார்கள். மூட்டையின் மேல்வாயில் இரண்டு இலையும் ஒரு கொழுந்துமாக அழகாக இருக்கும். அடியில் முற்றல் இலை இருக்கும். எடை கூடுவதற்காகத் தண்ணீர் தெளித்திருப்பதும் உண்டு. கம்பேர்க்காரர் சட்டைக் கையை மடித்துவிட்டு, வலது கையை மூட்டைக்குள் முழங்கை வரைக்கும் விடுவார். கண்ணை மூடிக்கொள்வார். அடியிலிருந்து ஒரு பிடி எடுத்து விரலால் நெரித்துப் பார்ப்பார். ஈரமா, முற்றலா, காலையில் பறித்ததா, நேற்றுப் பறித்ததா என்று அந்தக் கை சொல்லும். தப்பியதில்லை. இத்தனை வருஷத்தில் அவர் வலது கை மணிக்கட்டு வரைக்கும் கறையேறி, சோப்புக்கு மசியாத கருஞ்சிவப்பாகிவிட்டது. மூட்டை மேல் ஒருவர் 'முதல் தரம்' என்று எழுதி ஒட்டிக்கொண்டு வந்திருந்தால் சிரித்திருப்பார்.

இந்த மனிதர்தான் பெட்டியின் மேல் எழுதியிருப்பதை நம்பி ஊருக்கெல்லாம் போன் வாங்கிக் கொடுத்தார்.

'ரோலர்' என்று தாளில் குறித்திருப்பது என் பக்கத்து வீட்டுக்காரரை. ஃபேக்டரியில் இலையை நசுக்குகிற ரோலர் மெஷினுக்குப் பக்கத்திலேயே நின்று ஓய்வு பெற்றவர். அந்த இரைச்சல் காதைத் தின்றுவிட்டது. வலது காது சுத்தமாகக் கேட்காது. இடது காதில் உரக்கச் சொன்னால் கேட்கும். சின்ன வயதில் இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தவர். இன்னும் 'பேசினான்' என்று சொல்லமாட்டார், 'கதைச்சான்' என்பார். மனைவி இல்லை. ஒரே மகள். முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு மஸ்கட் போக அவள் கிளம்பியபோது, போனால் உன்னோடு கதைக்க மாட்டேன் என்று சொன்னார். சொன்னபடியே இருந்தார். அவள் போனது முந்தைய வருஷம் பிப்ரவரி 9. அதற்குப் பிறகு பதினாறு மாதம் அப்பாவும் மகளும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் என் போனுக்குத்தான் கூப்பிடுவாள். அப்பா சாப்பிடுகிறாரா, மாத்திரை போடுகிறாரா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவாள்.

ஜூன் 10, திங்கள். ரோலர்காரர் என் வாசலில் வந்து நின்றார். இன்டர்நெட்டில் கதைக்கிற போன் ஒன்று வாங்கவேண்டும், காலை பஸ்ஸில் ஊட்டிக்குக் கூட வரமுடியுமா என்று கேட்டார். மகள் பெயரைச் சொல்லவில்லை. சொல்லாவிட்டாலும் விஷயம் எனக்கு விளங்கியது. அப்புறம் ஒன்று சொன்னார்.

"கடையில வச்சு எனக்குக் கேக்குதான்னு பாக்கணும் தம்பி. கேக்காட்டி வாங்கி என்னா செய்ய?"

மறுநாள் காலை எட்டு மணிக்கு நான் மழைமானி பார்க்கவேண்டியிருந்தது. குந்தா அணைப் பகுதியில் நீர்மட்டமும் மழையும் குறிக்கிற வேலையில் இருந்தவன் நான். ஓய்வுக்குப் பிறகும் வீட்டு முற்றத்தில் ஒரு மழைமானி வைத்து, ஒருநாள் விடாமல் எழுதி வருகிறேன். முதல் பஸ்ஸில் போனால் அன்றைய அளவு தவறிப்போகும். அதைச் சொல்லி, கம்பேர்க்காரரிடம் போங்கள், அவர் பார்த்துக்கொள்வார் என்று அனுப்பிவைத்தேன். ஜூன் 11-ம் தேதிக்கு என் நோட்டில் இருக்கிற பதிவு: 'மழை இல்லை.'

பெட்டி ஜூன் 20 வந்தது. சீல் பிரிக்காமல். அழகான போன்தான், மெலிசு. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. காதில் வைக்க வேண்டிய இடம் எது என்று கண்டுபிடிக்கவே ரோலர்காரருக்கு அரை நாள் ஆயிற்று. உச்சியில் மயிரிழை அளவு ஒரு பிளவு. அவரிடம் முன்பு இருந்த பட்டன் போன் செங்கல் மாதிரி இருக்கும். அதில் பேசுவது மூன்று வீட்டுக்குக் கேட்கும்.

ஜூன் 23, ஞாயிறு, மத்தியானம் மூன்று மணிக்கு அவள் கூப்பிட்டாள். நேரத்தை நான்தான் சொல்லிவைத்திருந்தேன். தகப்பனும் மகளும் பேசுகிற இடத்தில் நமக்கென்ன வேலை என்று நான் என் வீட்டுக்கு வந்துவிட்டேன். பிறகு கேட்டபோது ரோலர்காரர் சரியாகப் பதில் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறும் அப்படியே. ஜூலை 7, ஞாயிறு, கூப்பிடவே இல்லை. அவர் மூன்றிலிருந்து ஆறு மணி வரை போனை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். கேட்காத காதுக்காரர் ஆதலால் மணியடித்தால் தெரியாமல் போய்விடுமோ என்று உள்ளங்கையில் வைத்தபடியே இருந்தார்.

ஜூலை 9 அன்று அவர் அனுமதியோடு அழைப்புப் பட்டியலைப் பார்த்தேன். ஒன்பது நொடி. ஆறு நொடி. பதினொரு நொடி. அடுத்த வாரம் ஏழு நொடி. அப்புறம் ஒன்றும் இல்லை.

"புள்ள 'அப்பா'ன்னு சொல்லுது. நான் வாயத் தொறக்கங்குள்ள நின்னு போவுது. அதுக்கு இன்னும் கோவம் போலருக்கு" என்றார்.

என் போனிலிருந்து அவருக்கு அடித்தேன். எதிரில் உட்கார்ந்து பார்த்தேன். அரைச் செவிடர் போனைக் காதில் லேசாக வைக்கமாட்டார். அழுத்துவார். கன்னத்தோடு சேர்த்து அழுத்துவார். சாதாரணமாகப் போனைக் காதருகே கொண்டுபோனால் திரை அணைந்துவிடும்; கன்னம் பட்டாலும் ஒன்றும் ஆகாது. அதற்குத்தான் அந்த பிராக்சிமிட்டி சென்சார். இந்தப் போனில் திரை அணையவில்லை. அவருடைய கன்னத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே வெளிச்சம் கசிந்துகொண்டிருந்தது. கன்னம், அழைப்பைத் துண்டிக்கிற சிவப்பு வட்டத்தின் மேல் பட்டது. அழைப்பு நின்றது. ஆறு முறை செய்து பார்த்தேன். ஐந்து முறை நின்றது. போன் பழுதானதல்ல. அந்த மாடலே அப்படி. தனியாக சென்சார் வைக்காமல் வேறு எதையோ வைத்துச் சமாளிக்கிற வகை என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். பெட்டி மேல் 'உண்டு' என்றுதான் போட்டிருக்கும். தாளிலும் டிக் விழும். கடையில் நின்று ஒரே ஒரு அழைப்புப் போட்டுக் கன்னத்தில் வைத்திருந்தால் பத்து நொடியில் தெரிந்திருக்கும். அதைத்தான் அந்த மனிதர் ஊட்டிக்குப் போய்ச் செய்ய விரும்பினார்.

அன்றைக்கே மூன்றரை மணிக்குப் போனை எடுத்துக்கொண்டு இலை ஷெட்டுக்குப் போனேன். கம்பேர்க்காரர் ஒரு மூட்டைக்குள் கைவிட்டு நின்றிருந்தார். மூட்டைக்கு உரியவர் பக்கத்து ஊர் விவசாயி.

"ஏனுங்க, மேல கொழுந்து, அடியில கட்டையுங்களா? என்ற கை இருக்கறப்பவே இப்படி" என்று அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். விவசாயி மழையைக் காரணம் சொன்னார். கம்பேர்க்காரர் ஒரு பிடி இலையை அவர் மூக்குக்கு நேராக நீட்டினார். கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

கூட்டம் கலைந்ததும் போனை நீட்டி, நடந்ததைச் சொன்னேன். மகள் கதையையும் சொன்னேன். கேட்டுக்கொண்டார். போனை வாங்கவில்லை. துண்டில் கையைத் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து இந்தத் தாளை எடுத்து ஒன்பதாவது வரியைக் காட்டினார்.

"டிக் இருக்குதுங்களே சார்."

நான் எண்ணை அழுத்தித் தருகிறேன், ஒரே முறை உங்கள் கன்னத்தில் வைத்துப் பாருங்கள் என்றேன்.

"என்ற கை கறைங்க."

கையில் வேண்டாம், நானே வைக்கிறேன் என்றேன். ஒரு அடி பின்னால் போனார். அப்புறம் சொன்னதை எழுத்துப் பிசகாமல் அன்று மாலையே குறித்துவைத்தேன்.

"ஒருத்தரோட கன்னத்துக்கெல்லாம் நான் எப்படிங்க பொறுப்பாக முடியும்? பேப்பர்ல என்ன இருக்குதோ அதுக்குத்தானுங்க நான்."

அடுத்த மூட்டை வந்தது. கையை விட்டார். கண்ணை மூடிக்கொண்டார். தாள் எடைமேடை மேலேயே கிடந்தது. நான் எடுத்துக்கொண்டு வந்தேன். அவர் அதைத் திருப்பிக் கேட்கவே இல்லை.

மஸ்கட்டுக்குக் கூப்பிட்டு அந்தப் பெண்ணிடம் நடந்ததைச் சொன்னேன். "அப்பா வெட்டி விடறாருன்னு நெனச்சேன் மாமா. நாலு தடவ வெட்டுனா அஞ்சாவது தடவ எப்படி எடுக்கறது?" என்றாள்.

ஜூலை 14, ஞாயிறு, மூன்று மணி. ஸ்பீக்கரைப் போட்டு, போனை ஒரு எவர்சில்வர் சொம்புக்குள் நிறுத்திவைத்தோம். சத்தம் நன்றாக எழும்பியது. மகள் 'அப்பா' என்றாள். பதினேழு மாதம் பேசாத மனிதர் முதலில் சொன்னது இதுதான்:

"நான் வெட்டல. கன்னம் வெட்டுச்சி."

அவள் அழுதாளா சிரித்தாளா என்று சொம்புக்குள்ளிருந்து வந்த சத்தத்தில் தெரியவில்லை. நாற்பத்தோரு நிமிடம் பேசினார்கள். லயம் முழுக்கக் கேட்டது. அடுத்த வீட்டு அம்மாள் முறத்தை வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்துவிட்டாள்.

இது நல்லபடியாக முடிந்த கதை என்று கம்பேர்க்காரர் பிற்பாடு நாலு பேரிடம் சொல்லிக்கொண்டாராம். முடியவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் அவர்கள் பேசுவது ஸ்பீக்கரில்தான். இயர்போன் வாங்கிக் கொடுத்தேன். காதுக்குள் எரிகிறது என்று கழற்றி வைத்துவிட்டார். போனை மாற்றலாம் என்றால், புள்ள அனுப்பின காசில் வாங்கியது என்று விடமாட்டேன் என்கிறார். ஆக, அந்தப் பெண் என்ன பேசினாலும் பத்து வீட்டுக்குக் கேட்கும். அவள் ஒவ்வொரு வாரமும் நன்றாக இருக்கிறேன் என்கிறாள். வேலை நல்ல வேலை, வீட்டுக்காரர்கள் நல்லவர்கள் என்கிறாள். ஒரு ஞாயிறு பேச்சின் நடுவில், "அப்பா, பக்கத்துல யாரும் இருக்காங்களா?" என்று கேட்டாள். அவருக்கு அது சரியாகக் கேட்கவில்லை. எல்லாரும் இருக்காங்க, நல்லா கேக்குது, சொல்லு என்றார். அவள் மழையைப் பற்றிப் பேச்சை மாற்றினாள். அப்பாவின் காதுக்கு மட்டும் சொல்ல ஏதோ இருந்தது. ஏழு–மூன்று என்று ஜெயித்த போனில் அதைச் சொல்ல வழியில்லை. அந்தத் தேதியையும் குறித்திருக்கிறேன்: செப்டம்பர் 8.

கம்பேர்க்காரர் அடுத்த மார்ச்சில் வேலையை விட்டுவிட்டு மகனோடு கோயம்புத்தூர் போய்விட்டார். போவதற்கு முன் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார். ரோலர்காரர் வீட்டுப் படி மட்டும் ஏறவில்லை.

போன மாதம் மூக்குக் கண்ணாடிக்குப் பிரேம் மாற்ற குன்னூர் போயிருந்தேன். பஸ் ஸ்டாண்டுக்கு மேலே ஒரு போன் கடை. ரோலர்காரருக்குச் சொல்லாமலே ஒன்று வாங்கிக்கொண்டு போய்விடலாம் என்ற எண்ணம். கவுண்டரில் இருந்த பெண்ணிடம், எந்தப் போனாக இருந்தாலும் முதலில் ஒரு அழைப்புப் போட்டு என் கன்னத்தில் அழுத்திப் பார்க்கவேண்டும் என்றேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"உங்களுக்கு முன்னாடியே ஒருத்தர் இதத்தான் பண்ணுனாருங்க சார்."

ஒரு மழைக்காலத்து மத்தியானம் ஒருவர் வந்தாராம். ஒரு மாடலின் பெயரைச் சொல்லிக் கேட்டாராம். அவள் சொன்ன பெயர் இந்தத் தாளின் வலது பக்கம் இருக்கிற பெயர்தான். தன் போனிலிருந்து அதற்கு அடித்து, கன்னத்தில் வைத்து அழுத்தினாராம். நின்றுபோயிற்று. மறுபடி அடித்தார். இடது கன்னத்தில் வைத்தார், வலது கன்னத்தில் வைத்தார். அவளைக் கூட ஒருமுறை வைத்துப் பார்க்கச் சொன்னாராம். அரைமணி நேரம் நின்றவர், ஒன்றும் வாங்காமல், கண்ணாடியில் பட்ட கையடையாளத்தைச் சட்டை நுனியால் துடைத்து வைத்துவிட்டுப் போய்விட்டாராம். ஏன் நினைவிருக்கிறது என்று கேட்டேன். கை கறை என்றாள், மணிக்கட்டு வரைக்கும்.

எந்த வருஷத்து மழை, எந்த மாதம் என்று கேட்டேன். தெரியவில்லை. பெயரும் கேட்டுக்கொள்ளவில்லை. ஜூலை 9-க்கு முன்பு என்றால், அப்படிப்பட்ட போன் என்று தெரிந்தே ரோலர்காரரிடம் விட்டுவைத்திருந்தார். பின்பு என்றால், நான் சொன்னதைத் தொட்டுப் பார்த்தே தெரிந்துகொண்டு, அதற்குப் பிறகும் ஒரு வார்த்தை சொல்லாமல் ஊரைவிட்டுப் போனார். இரண்டில் எது என்றாலும் என் அபிப்பிராயம் மாறாது.

ஆனால் மணிக்கட்டு வரை தேயிலைக் கறை படிந்த வலது கை இந்த மலையில் எத்தனையோ பேருக்கு இருக்கிறது. அவருடைய எண் என்னிடம் இருக்கிறது. நான் கூப்பிட்டுக் கேட்கவில்லை. குன்னூர் கடையில் நின்றவர் அவர்தான் என்பது இந்தத் தேதி வரை உறுதி செய்யப்படவில்லை.